ஒரே மூட்டை, இரண்டு பியர்: ஹாரோவில் ஓர் அடிப்படை மால்ட் தேர்வு

லண்டனின் வடமேற்குப் புறநகரான ஹாரோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். ஆண்டின் பெரும்பகுதியில் ஆங்கிலேயர்களின் ‘பிட்டர்’ எனும் செம்பொன் நிற ஏல் வகையையும், வீட்டுக் கராஜ் போதிய அளவு குளிர்ந்துவிடும் பனிக்காலத்தில் மட்டும், குளிரில் நொதிக்கவைக்கும் வெளிர்நிற லாகரையும் அவர் காய்ச்சுவார். ஊறவைக்கவும் கொதிக்கவைக்கவும் ஒரே மின்சாரப் பாத்திரம். ஒரு முறைக்கு 23 லிட்டர். இரண்டு வகைக்கும் பொதுவாகப் பயன்படும் என்ற நம்பிக்கையில் 25 கிலோ ஜெர்மன் பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மூட்டை ஒன்றை அவர் வாங்கியிருந்தார். மிக வெளிறிய மால்ட் எல்லாவற்றுக்கும் பொருந்தும், நிறமும் மணமும் தேவைப்பட்டால் வேறு மால்ட் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்ன அறிவுரையே அதற்குக் காரணம்.

மூட்டையின் அடிப்பகுதி தெரியத் தொடங்கிய நேரத்தில் அவர் என்னிடம் இரண்டு குறைகளைச் சொன்னார். லாகரில் வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடை வந்தது. பிட்டர் தண்ணீரைப் போல் மெலிந்தும், விழுங்கிய பிறகு நாக்கை இழுக்கும் துவர்ப்போடும் இருந்தது. செய்முறைகள் இரண்டும் நம்பகமானவை, ஈஸ்ட் புதியது, பாத்திரங்கள் சுத்தமானவை. “அண்ணை, பிழை மால்ட்டிலையோ, இல்லை என்ரை கையிலையோ? அடுத்த மூட்டை எதை வாங்கிறது?” என்பது அவர் கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து விடை தேடியதன் பதிவே இந்த நிகழ்வு ஆய்வு.

சட்டம் பற்றி ஒரு குறிப்பை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் பெற வேண்டும் என்ற விதியை 1963ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அங்கே நடைமுறையில் உள்ளது. எனவே இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் ஹாரோவின் சூழலில் நடந்தவை, அந்தச் சூழலுக்கு உரியவை.

சூளை செய்யும் வேலை

பியரின் தானியக் கலவையில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கை நிரப்புவது அடிப்படை மால்ட். மற்ற மால்ட்டுகள் நிறத்துக்கும் மணத்துக்கும் சிறு அளவில் சேர்பவை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தருவதும், அந்த மாவுச்சத்தின் பெரும்பகுதியைத் தருவதும் அடிப்படை மால்ட்டின் பொறுப்பு. ராகி மால்ட் செய்யும் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைப்பதன் நோக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பார்லியை ஏறத்தாழ 45 சதவீத ஈரம் ஏறும் வரை ஊறவைத்து, நான்கைந்து நாள் குளிர்ச்சியான இடத்தில் முளைக்கவிட்டு, முளை வளர்ந்து மணியின் சத்தைத் தின்றுவிடும் முன் சூளையில் சூடான காற்றால் உலர்த்தி நிறுத்துகிறார்கள்.

தேர்வின் பெரும்பகுதி இந்தச் சூளையில்தான் முடிவாகிறது. பில்ஸ்னர் மால்ட்டை இறுதிக் கட்டத்தில் ஏறத்தாழ 80 முதல் 85 டிகிரியில் உலர்த்துவார்கள். ஆங்கிலேயப் பேல் ஏல் மால்ட்டை 95 முதல் 105 டிகிரி வரை கொண்டுசெல்வார்கள். மியூனிக் மால்ட் அதையும் தாண்டும். வெப்பம் ஏறஏற ரொட்டி மேலோட்டின் மணம் கூடுகிறது, நிறம் ஏறுகிறது, நொதிகளின் வலிமை குறைகிறது. ஐரோப்பிய நிற அளவுகோலான ஈ.பி.சி.யில் பில்ஸ்னர் மால்ட் 3 முதல் 4 வரையிலும், பேல் ஏல் மால்ட் 5 முதல் 6.5 வரையிலும், மியூனிக் 15 முதல் 25 வரையிலும் நிற்கும். 3க்கும் 6க்கும் இடையிலான வேறுபாடு எண்ணில் சிறியதாகத் தெரிந்தாலும், கலவையின் பத்தில் ஒன்பது பங்கு அதே மால்ட்டாக இருக்கும்போது அது பியர் முழுவதும் பரவிவிடுகிறது. பார்லியின் ரகப் பெயரைத் தேடுவதற்கு முன் அதன் நிற எண்ணைப் பாருங்கள் என்று புதியவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

சூளையின் குறைந்த வெப்பம் இன்னொன்றையும் மிச்சம் வைக்கிறது. முளைக்கும் பார்லியில் எஸ்-மெத்தில் மெதியோனின் என்ற சேர்மம் உருவாகிறது. அதிக வெப்பத்தில் உலர்த்தும்போது அதன் பெரும்பகுதி சிதைந்து போய்விடும். பில்ஸ்னர் மால்ட்டில் கணிசமாகத் தங்கிவிடும். பின்னர் வோர்ட் எனும் இனிப்புச் சாற்றைக் கொதிக்கவைக்கும்போது அது டைமெத்தில் சல்ஃபைடாக மாறுகிறது, மக்காச்சோள வாடையைத் தருவது அதுதான். அது 37 டிகிரியிலேயே ஆவியாகக் கூடியது என்பதால், திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதித்தால் வெளியேறிவிடும். கொதிநிலையில் ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒருமுறை மூலச் சேர்மம் பாதியாகிறது என்று கொண்டால், 60 நிமிடக் கொதிப்பின் முடிவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவும், 90 நிமிடக் கொதிப்பின் முடிவில் ஐந்தில் ஒரு பங்காகவும் அது எஞ்சும். கொதிப்பு நின்ற பிறகும், சாறு சூடாக இருக்கும் வரை, எஞ்சியதிலிருந்து வாடை உருவாகிக்கொண்டே இருக்கும். அப்போது அதை வெளியேற்ற ஆவி இருக்காது. வேகமாகக் குளிர்விப்பது ஏன் அவசியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

காரணத்தைத் தேடியது

முதலில் மூட்டையையே சோதித்தோம். சில மணிகளைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, உமிக்கு அடியில் முதுகுப் பக்கமாக ஓடும் முளைக்குருத்து எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். மணியின் நீளத்தில் முக்கால் பங்கிலிருந்து முழு நீளம் வரை அது எட்டியிருந்தால் முளைப்பு முழுமையடைந்தது, உட்பகுதி நன்கு இளகிவிட்டது என்று கொள்ளலாம். ஏறக்குறைய எல்லா மணிகளிலும் குருத்து நுனியை நெருங்கியிருந்தது. கடித்தபோது மணி நொறுங்கி மாவாயிற்று. பல்லில் கல்லாகச் சிக்கும் பகுதி எதுவும் இல்லை. ஈரம் ஏறிய மால்ட் கடிக்கும்போது தோலைப் போல் வளையும், இது வளையவில்லை. மூட்டையின் மீது குற்றம் சுமத்த இடமில்லை.

அடுத்தது தண்ணீர். இந்த நிகழ்வின் நடு முடிச்சு இதுவென்றே நான் கருதுகிறேன். ஹாரோவின் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் ஊடாக வருவது. கெண்டியின் உட்புறம் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே அதன் தன்மை தெரிந்துவிடும். அதன் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. மால்ட்டை ஊறவைக்கும் கலவையின் பி.எச். அளவு 5.2 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. மால்ட்டுக்கு இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை உண்டு. நிறம் ஏறஏற அந்த அமிலமும் ஏறும். வெளிறிய பில்ஸ்னர் மால்ட்டுக்கு அது மிகக் குறைவு. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தாலும் அதன் பி.எச். 5.7க்கு மேல்தான் நிற்கும். நண்பரின் குழாய்த் தண்ணீரில் பில்ஸ்னர் மால்ட்டை ஊறவைத்து அளவிட்டபோது 5.9 காட்டியது. அந்த நிலையில் நொதிகள் மந்தமாக வேலை செய்யும், மால்ட்டின் சுவை மழுங்கும், பியருக்குக் கசப்பும் மணமும் தரச் சேர்க்கும் ஹாப் பூவின் கசப்பு கரடுமுரடாகும். ஊறிய தானியத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவும்போது பி.எச். 6ஐத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்புப் பொருள்கள் இறங்கிவிடும். பிட்டரில் நாக்கை இழுத்தது அதுதான்.

பில்ஸ்னர் மால்ட் அதன் பிறந்த ஊரில் ஏன் பழுதில்லாமல் வேலை செய்கிறது என்பதும் இதே காரணத்தால் விளங்கும். 1842ஆம் ஆண்டு பொஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் அந்த வெளிர்நிற லாகரை முதன்முதலில் காய்ச்சியபோது, அவருக்குக் கிடைத்த தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாத மென்னீர். லண்டனின் கடின நீரோ நூற்றாண்டுகளாகக் போர்ட்டர் எனும் கருநிறப் பியரோடு ஒத்துப்போனது, ஏனென்றால் வறுத்த மால்ட்டின் அமிலம் நீரின் காரத்தைச் சரிக்கட்டியது. மால்ட்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. தண்ணீரோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, கொதிப்பு. மின்கட்டணத்தையும் சமையலறையில் நிறையும் ஆவியையும் கருதி நண்பர் பாத்திரத்தைப் பாதி மூடிய நிலையில் 60 நிமிடம் கொதிக்கவைத்து வந்தார். மூடியில் குளிர்ந்து சொட்டிய நீரோடு, வெளியேற வேண்டிய வாடையும் திரும்பச் சாற்றில் விழுந்தது. ஏல் மால்ட்டாக இருந்திருந்தால் இந்தப் பழக்கம் பெரிதாகக் காட்டிக்கொடுத்திருக்காது. பில்ஸ்னர் மால்ட் அதை மன்னிக்கவில்லை.

ஆக, மால்ட் நல்லது. அது வந்து சேர்ந்த வீடும் செய்முறையும் அதற்குப் பொருந்தவில்லை. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அடுத்த மூட்டை எது என்பதுதான் மீதி.

மாரிஸ் ஆட்டரின் கதை ஏன் இங்கே வருகிறது

ஆங்கிலேய ஏல் காய்ச்சும் எவரிடமும் அடிப்படை மால்ட் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பெயர் மாரிஸ் ஆட்டர். நண்பரும் அதைக் கேள்விப்பட்டிருந்தார், விலை கூடுதல் என்பதால் தயங்கினார். அந்தக் கூடுதல் விலைக்கு உண்மையான காரணம் உண்டா என்று அறிய அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

கேம்பிரிட்ஜில் இயங்கிய தாவரப் பெருக்க நிறுவனத்தில் ஜி.டி.எச். பெல் தலைமையிலான குழுவினர் புரொக்டர், பயனியர் என்ற இரு ரகங்களைக் கலந்து உருவாக்கிய பார்லி இது. 1965இல் வெளியானது. இலையுதிர்காலத்தில் விதைத்துக் குளிர்காலத்தைக் கடந்து கோடையில் அறுக்கும் ரகம். பிரிட்டனில் சிப்ஸ் பொரிக்கப் பெயர்பெற்ற மாரிஸ் பைப்பர் உருளைக்கிழங்கும் அதே நிறுவனத்திலிருந்து வந்ததுதான். நைட்ரஜன் குறைவாக உள்ள மணி, சூளைக்குப் பின் எளிதில் நொறுங்கும் தன்மை, ஒரே வெப்பநிலையில் ஊறவைத்தாலே போதுமான சர்க்கரை விளைவு ஆகியவற்றால் எழுபதுகளில் ஏல் காய்ச்சுபவர்களின் முதல் தேர்வாக அது இருந்தது.

பிறகு அதிக விளைச்சல் தரும் புதிய ரகங்கள் வந்தன. உழவர்களுக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பது கணக்கு. பெரிய ஆலைகளுக்கு ஒரு டன் மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை என்பது கணக்கு. இரண்டிலும் மாரிஸ் ஆட்டர் பின்தங்கியது. வயல்களில் சேமித்த விதை பிற ரகங்களோடு கலந்து தூய்மையும் கெட்டது. 1989இல் அது உழவர்களுக்கான ரகப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீங்கியது. அத்தோடு மறைந்து போயிருக்க வேண்டிய அந்த ரகத்தைக் காப்பாற்றியவர்கள் நார்ஃபோக்கின் எச். பான்ஹாம், ஹாம்ப்ஷயரின் ராபின் ஆப்பல் என்ற இரண்டு தானிய வணிக நிறுவனத்தார். தொண்ணூறுகளில் தூய கதிர்களைத் தேர்ந்தெடுத்து விதையைச் சுத்தப்படுத்திப் பெருக்கினார்கள். 2002இல் அதன் உரிமையையும் வாங்கிக்கொண்டார்கள். இன்று உழவர்களோடு ஒப்பந்தம் செய்து, கூடுதல் விலை கொடுத்துத்தான் அதை விளைவிக்கிறார்கள். கடையில் நண்பர் கண்ட விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த உழவருக்குப் போகும் ஈட்டுத்தொகை.

ஆலைக்கு அது பெரிய செலவு. வீட்டில் அது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ மால்ட்டின் முழுச் சத்தும் ஒரு லிட்டர் நீரில் இறங்கினால் எத்தனை அடர்த்திப் புள்ளி கிடைக்கும் என்பதை மால்ட் ஆலைகள் ‘லிட்டர் டிகிரி’ என்ற அலகில் தருகின்றன. மாரிஸ் ஆட்டருக்கு அது ஏறத்தாழ 300. நண்பரின் பிட்டருக்குத் தொடக்க அடர்த்தி 1.040, அதாவது லிட்டருக்கு 40 புள்ளிகள்; 23 லிட்டருக்கு 920 புள்ளிகள் தேவை; அவரது பாத்திரத்தின் திறன் 75 சதவீதம் என்பதால் தானியத்தில் 1,227 புள்ளிகள் இருக்க வேண்டும்; நிறத்துக்கும் இனிப்புக்கும் சேர்க்கும் 200 கிராம் கிரிஸ்டல் மால்ட் தருவதைக் கழித்தால் அடிப்படை மால்ட் 3.9 கிலோ. வேறொரு மால்ட் 310 தருமானால் 3.8 கிலோ போதும். ஒரு காய்ச்சலுக்கு நூறு சொச்சம் கிராம்தான் வேறுபாடு. ஆயிரக்கணக்கான டன் வாங்கும் ஆலை இந்த எண்ணுக்காக ரகத்தை மாற்றும். 25 கிலோ மூட்டையில் ஆறு முறை காய்ச்சுபவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பெரிய ஆலைகள் கைவிட்டதைச் சிறியவர்கள் கைக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சத்து விளைவை வைத்து அடிப்படை மால்ட்டை மாற்றுவது லண்டனுக்கு ஒன்றும் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்ட்டர் முழுவதும் பழுப்பு மால்ட்டில் காய்ச்சப்பட்டது. 1780களில் ஜான் ரிச்சர்ட்சன் அடர்த்திமானியைப் பியர் ஆலைகளுக்குப் பழக்கிய பிறகுதான், மலிவான பழுப்பு மால்ட்டைவிட விலை கூடிய வெளிர் மால்ட்டே காசுக்கு அதிகச் சர்க்கரை தருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின, நிறம் போய்விட்டது, அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர 1817இல் டேனியல் வீலர் கரியாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளிறிய அடிப்படை மால்ட், மேலே சிறிதளவு கருமால்ட் என்று இன்று நாம் இயல்பாகக் கருதும் அமைப்பு அப்படி உருவானது.

ரகத்தால் உண்மையிலேயே சுவை மாறுமா என்பது நெடுநாள் விவாதம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர், ஸ்காட்லாந்தில் பெயர்பெற்ற கோல்டன் பிராமிஸ் ரகத்தைத் தங்கள் ஃபுல் பின்ட் ரகத்தோடு கலந்து கிடைத்த வழித்தோன்றல்களை ஒரே முறையில் மால்ட்டாக்கி, பியராக்கி, சுவைத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ரகத்துக்கும் விளைந்த இடத்துக்கும் சுவையில் பங்குண்டு என்று அவர்கள் கண்டார்கள். சூளையின் கைவண்ணத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பங்கு மெல்லியது என்பது என் கருத்து. ஹாரோவில் நடத்திய சோதனையும் அதையே காட்டியது.

மூன்று ஃபிளாஸ்க், நான்கு குடுவை

மூட்டை வாங்கும் முன் சிறு பொட்டலங்களை வாங்கினோம். நண்பரிடம் இருந்த பில்ஸ்னர், மாரிஸ் ஆட்டர் பேல் ஏல் மால்ட், ரகப் பெயர் குறிப்பிடாத சாதாரண ஆங்கிலேயப் பேல் ஏல் மால்ட் ஆகிய மூன்றும் போட்டியில் இருந்தன. முதற்கட்டத் தேர்வுக்கு மால்ட் கஷாயம்தான் சிறந்த வழி. அமெரிக்கப் பியர் வேதியியலாளர் சங்கம் வகுத்த முறை அது. 50 கிராம் மால்ட்டை நன்றாகப் பொடித்து, 65 டிகிரி வெந்நீர் 400 மில்லிலிட்டரோடு ஃபிளாஸ்க்கில் இட்டு, குலுக்கி, 15 நிமிடம் மூடிவைத்து, காபி வடிதாளில் வடிகட்டிச் சுவைக்க வேண்டும். ஹாப் பூவும் ஈஸ்ட்டும் மறைப்பதற்கு முன் மால்ட்டின் சொந்தக் குரலைக் கேட்க வீட்டில் வேறு வழி இல்லை.

பில்ஸ்னர் கஷாயம் வைக்கோல் நிறத்தில், பச்சைப் புல்லும் இளந்தேனும் கலந்த மணத்தோடு இருந்தது. மாரிஸ் ஆட்டர் ஒருபடி ஆழ்ந்த பொன்னிறம். மூடியைத் திறந்தவுடன் ரொட்டியின் மேலோட்டு மணம், விழுங்கிய பிறகு வறுத்த கொட்டையின் சாயல், நாக்கில் ஒரு கனம். சாதாரணப் பேல் மால்ட் அதே திசையில், ஆனால் சுவை சீக்கிரம் முடிந்துபோவதாக இருந்தது.

அடுத்து, ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் சிறு காய்ச்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 900 கிராம் மால்ட், 66 டிகிரியில் ஒரு மணி நேர ஊறல், ஒரே அளவு ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’ எனும் ஹாப் ரகம், ஒரே ஏல் ஈஸ்ட். தண்ணீரின் காரத்தை அமிலத்தால் முதலிலேயே தணித்து, ஒவ்வொரு கலவையின் பி.எச். அளவையும் 5.4 அருகே கொண்டுவந்தோம். அதைச் செய்யாவிட்டால் மால்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீரைத்தான் ஒப்பிட்டிருப்போம். எல்லாம் மூடி இல்லாமல் கொதித்தன, பில்ஸ்னர் சேர்ந்தவை மட்டும் 90 நிமிடம்.

நான்காவது குடுவை நண்பரின் யோசனை. பில்ஸ்னர் 88 பங்கோடு மியூனிக் 12 பங்கு கலந்தால் மாரிஸ் ஆட்டரின் நிறத்தை எட்டிவிடலாமே என்றார். கணக்கு சரிதான்: பில்ஸ்னர் 3.5, மியூனிக் 20 என்று கொண்டால் கலவையின் சராசரி நிறம் 5.5, மாரிஸ் ஆட்டர் பையின் மேல் அச்சிட்டிருந்ததும் 5.5. “வெளிறினதுக்குக் கூட்டலாம், கருத்ததிலை இருந்து கழிக்க ஏலாது” என்று அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. பில்ஸ்னர் மூட்டை வாங்கச் சொன்னவரின் அறிவுரையும் அந்த நியாயத்தின் மேல்தான் நின்றது.

புட்டியில் அடைத்து முதிர்ந்த பிறகு முக்கோணச் சோதனையாகச் சுவைத்தோம்: மூன்று கிண்ணங்கள், அவற்றில் இரண்டில் ஒரே பியர், மாறுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதை மறக்காமல் முடிவைப் பார்க்க வேண்டும். தனிப் பில்ஸ்னரையும் மாரிஸ் ஆட்டரையும் எல்லோரும் சிரமமின்றிப் பிரித்தார்கள். மாரிஸ் ஆட்டரையும் சாதாரணப் பேல் மால்ட்டையும் பிரிப்பதில் தயக்கம் இருந்தது. பிரித்தவர்களும் கடைசி மிடறில்தான் உறுதியாகச் சொன்னார்கள். பில்ஸ்னரும் மியூனிக்கும் கலந்த நான்காவது பியர் கண்ணுக்கு மாரிஸ் ஆட்டரோடு ஒன்றாகவே தெரிந்தது, வாயில் வேறு. அதில் மியூனிக்கின் இனிப்பு மேலெழுந்து நின்றது, ரொட்டி மேலோட்டின் உலர்ந்த சுவை இல்லை. மோசமான பியர் அல்ல. பிட்டரைவிட வியன்னா பக்கத்து லாகருக்கு நெருங்கிய ஒன்று. தாளில் ஒரே நிற எண் வந்துவிட்டால் ஒரே மால்ட் ஆகிவிடாது, அந்த நிறம் எந்தச் சூளை வெப்பத்தில் வந்தது என்பதும் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் தெரிந்தது. காரத்தைத் தணித்து, திறந்து கொதிக்கவைத்த பில்ஸ்னர் பியரில் மக்காச்சோள வாடையும் இல்லை, துவர்ப்பும் இல்லை. பழைய மூட்டையின் மீதிருந்த பழி அன்றோடு நீங்கியது.

முடிவு

முடிவெடுக்க உதவியது சுவை மட்டும் அல்ல, நண்பரின் காய்ச்சல் அட்டவணையும்தான். லாகர் பனிக்காலத்தில் மட்டும். மற்ற மாதங்கள் முழுவதும் பிட்டர், இடையிடையே போர்ட்டர். பெரும்பான்மைக்கு எது பொருந்துகிறதோ அதை மூட்டையாகவும், சிறுபான்மைக்கு உரியதை ஐந்து கிலோ பையாகவும் வாங்குவது என்று தீர்மானித்தார். மூட்டைக்கு மாரிஸ் ஆட்டர், லாகருக்குப் பில்ஸ்னர்.

சாதாரணப் பேல் மால்ட்டை எடுத்திருந்தால் பணம் சற்று மிச்சமாகியிருக்கும், சுவைத்தவர்களில் சிலர் வேறுபாட்டை உணர்ந்திருக்கவும் மாட்டார்கள். ஹாப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சும் ஐ.பி.ஏ. வகையே அவரது வழக்கமாக இருந்திருந்தால் நான் அதைத்தான் பரிந்துரைத்திருப்பேன், ஏனென்றால் அந்த மணத்தின் கீழ் மாரிஸ் ஆட்டரின் நுட்பம் புதைந்துவிடும். ஆனால் 1.040 அடர்த்தியில், மிதமான ஹாப்போடு காய்ச்சும் பிட்டரில் மால்ட்டுக்கு மறைவிடம் கிடையாது. கடைசி மிடறில் நிற்கும் சுவைக்காகத்தான் அந்தப் பியரைக் காய்ச்சுகிறோம். அந்தச் சுவைக்காக ஒரு மூட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை, விளைச்சல் குறைந்த ஒரு ரகத்தை வயலில் நிலைக்கவைக்கவும் போகிறது என்பதும் எனக்கு மனநிறைவு தருகிறது.

மூட்டையோடு மாற வேண்டிய பழக்கங்களும் இருந்தன. மாரிஸ் ஆட்டர் பில்ஸ்னரைவிடச் சற்றே அமிலம் கூடியது என்றாலும் ஹாரோவின் தண்ணீரை அது தனியாகச் சமாளிக்காது. குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தபோது 5.8 காட்டியது. ஆகவே எந்த மால்ட்டானாலும் அமிலச் சிகிச்சை நிலையானது. பிட்டருக்கு அதோடு கொஞ்சம் ஜிப்சமும் சேரும். போர்ட்டர் காய்ச்சும் நாளில் வறுத்த மால்ட்டின் அமிலம் உதவிக்கு வருவதால் அமிலத்தின் அளவைக் குறைத்துக்கொள்வார். லாகருக்கு 90 நிமிடக் கொதிப்பு, மூடி இல்லாமல். ஆவியை வெளியேற்ற ஜன்னலோரம் ஒரு மின்விசிறி. ஊறல் 66 டிகிரி என்பதில் மாற்றமில்லை. இன்றைய பில்ஸ்னர் மால்ட்டும் முழுமையாக முளைத்து இளகியதுதான் என்பதால், பில்சனில் மரபாகச் செய்வது போல் கலவையின் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்க்கும் முறை அதற்குக் கட்டாயம் அல்ல.

மால்ட்டை அரைக்காமல் முழு மணியாகவே, காற்றுப் புகாத டப்பாக்களில், வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். கராஜின் ஈரக்காற்று படாமல் இருந்தால் ஓராண்டு தாங்கும். பொடித்துவிட்டால் சில வாரங்களிலேயே மணம் தளரத் தொடங்கும்.

மூட்டையின் தையலோடு சேர்த்துத் தைத்திருக்கும் சீட்டில் அந்தத் தொகுதியின் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் ஈரம், நிறம், சத்து விளைவு, மொத்த நைட்ரஜன், கரைந்த நைட்ரஜனின் விகிதம் ஆகியவற்றைப் பல மால்ட் நிறுவனங்கள் தருகின்றன. நண்பரின் முதல் மாரிஸ் ஆட்டர் மூட்டைச் சீட்டில் நைட்ரஜன் 1.5 சதவீதம் என்றிருந்தது, அதை 6.25ஆல் பெருக்கினால் புரதம் ஒன்பதரை சதவீதத்தை ஒட்டி வரும், தெளிந்த பியருக்கு ஏற்ற அளவு. அமெரிக்க மால்ட்டுகளில் இது 11, 12 என்று ஏறி நிற்பது வழக்கம். அரிசியும் மக்காச்சோளமும் கலந்து காய்ச்சும் அங்குள்ள ஆலைகளுக்கு அந்தக் கூடுதல் நொதியும் புரதமும் தேவை, முழு மால்ட் பிட்டருக்கு அவ்வளவு தேவையில்லை.

இரண்டாவது மாரிஸ் ஆட்டர் மூட்டை புதிய அறுவடையிலிருந்து வந்தது. மழை குறைந்து மணி சிறுத்தால் நைட்ரஜன் ஏறும், சத்து விளைவு இறங்கும். சீட்டில் நைட்ரஜன் 1.6, சத்து விளைவு 296, நிறம் 5.8 என்று இருந்தன. நண்பர் கணக்கை மறுபடி போட்டு அடிப்படை மால்ட்டில் 50 கிராம் கூட்டினார். அமிலத்தின் அளவையும் கிரிஸ்டல் மால்ட்டையும் மாற்றவில்லை.